பிராக்ஸி கொடுக்காத நானோ!

ஃபர்ஸ்ட் ஹவர். புரொஃபசர் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார். கிளாஸில் இருப்பது நாற்பது தலை. வருவதோ அறுபது ‘யெஸ் சார்’! எப்படி என்று உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அந்தக் கலையில் நாமெல்லாம் டாக்டர் பட்டமே வாங்கியவர்கள்! ஆனா, ஒண்ணு கவனிச்சீங்களா பாஸ்? ஆள் இருந்தாலும் ‘யெஸ் சார்’, இல்லாட்டியும் ‘யெஸ் சார்’ன்னா அந்தக் குரலுக்கு மதிப்பே கிடையாது. ஆள் இருந்தா மட்டும் குரல் வரணும். இல்லாதப்போ கப்சிப். அப்பத்தான் அது அட்டெண்டன்ஸ்!

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது கையில் ஒரு ஊசி போடுவாங்களே, ‘கான்ட்ராஸ்ட்’னு... அதோட பிரச்னையும் கிட்டத்தட்ட இந்த பிராக்ஸி பிரச்னைதான். ரத்தம் அதை எங்கெல்லாம் இழுத்துட்டுப் போகுதோ, அங்கெல்லாம் அது ‘பிரசென்ட்’ சொல்லும். அங்கே இருப்பது கேன்சரா, சாதாரண வீக்கமா என்பதெல்லாம் அதுக்குத் தெரியாது. படத்தைப் பார்த்து டாக்டர்தான் யூகிக்கணும்.

இதற்கு ஒரு மாற்றை சுமார் முப்பது வருஷமாகவே சிலர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நோயின் அடையாளம் எதிரில் வந்தால் மட்டும் வாய் திறக்கிற, மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கிற குட்டியூண்டு துகள்கள். லேபில் இவற்றுக்கு ‘ரெஸ்பான்சிவ் நானோ பார்ட்டிகிள்ஸ்’ என்று பெயர். இதில் பேசுவதைவிட சும்மா இருப்பதுதான் பெரிய திறமை. எப்படின்னு பார்ப்போமா?

ஊசியே எதுக்கு?

கொஞ்சம் ஃபிசிக்ஸ். பயப்படாதீங்க, இன்டர்னல்ஸில் வராது!

நம்ம உடம்புல பாதிக்கு மேல தண்ணி. தண்ணியில் ஹைட்ரஜன். ஹைட்ரஜனின் நடுவில் ஒரு புரோட்டான். அது ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. சாதாரணமா இந்தக் காந்தங்கள் கேன்டீன் கூட்டம் போல ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கும். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ளே படுத்ததும் கதை மாறும். மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் மெஷினின் காந்தபலம் 1.5 டெஸ்லா. பூமியின் காந்தபலத்தைவிட சுமார் 30,000 மடங்கு! அதுக்கு முன்னாடி நம்ம புரோட்டான்களில் ஒரு சிறு பங்கு, என்.சி.சி. பரேடு மாதிரி ஒரே திசைக்கு வந்துவிடும்.

இப்போ மெஷின் ஒரு ரேடியோ அலையை அனுப்பி அந்த வரிசையைக் கலைக்கும். அலை நின்றதும் புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது அவை கொடுக்கும் சிக்னல்தான் படமாகிறது. இதில் ரெண்டு கடிகாரம் ஓடுது. மறுபடி வரிசைக்கு வர எடுக்கும் நேரம் ‘டி-1’. ஒரே தாளத்தில் சுற்றிக்கொண்டிருந்தவை தாளம் தப்பிப்போக எடுக்கும் நேரம் ‘டி-2’. கொழுப்பில் ஒரு வேகம், தசையில் ஒரு வேகம், மூளையில் ஒரு வேகம். அந்த வித்தியாசம்தான் கறுப்பு வெள்ளையாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த வித்தையைப் படமெடுக்கும் முறையாக மாற்றிய பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு ரெண்டு பேருக்கும் 2003-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

சிக்கல் எங்கேன்னா, ஒரு சின்ன கட்டியும் அதைச் சுற்றி இருக்கும் நல்ல சதையும் பல சமயம் ஒரே மாதிரி சாம்பல் கலரில் தெரியும். வெள்ளைச் சுவரில் வெள்ளை சாக்பீஸால் எழுதின மாதிரி! அதைப் பிரித்துக் காட்டத்தான் கான்ட்ராஸ்ட் ஊசி.

கடோலினியம் என்கிற ஹீரோ

அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது கடோலினியம் என்கிற உலோகம். இதன் அயனியில் ஜோடி சேராத 7 எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. அதனால் இது ஒரு பலமான குட்டிக் காந்தம். பக்கத்தில் வரும் தண்ணீர் மூலக்கூறுகளைத் தட்டி எழுப்பி, டி-1 நேரத்தைக் குறைத்துவிடும். விளைவு? அது போன இடமெல்லாம் படத்தில் பளிச்!

தனியா விட்டால் கடோலினியம் விஷம். அதனால் ஒரு வேதிக் கூண்டுக்குள் அடைத்துத்தான் உடம்புக்குள் அனுப்புவார்கள். ஜெர்மனியின் ஷெரிங் நிறுவனம் உருவாக்கிய ‘மேக்னவிஸ்ட்’ 1988-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அன்றிலிருந்து மூளைக் கட்டி முதல் மூட்டு வலி வரை எல்லாவற்றுக்கும் கடோலினியம் ஊசிகள்தான் துணை. கோடிக்கணக்கான முறை போட்டாச்சு. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியும் ஆச்சு.

ஆனா, ஹீரோவுக்கும் ஒரு ஃபிளாஷ்பேக் உண்டு. கிட்னி சரியாக வேலை செய்யாத சிலருக்கு தோல் கல் போல இறுகிப்போகும் ஒரு கொடுமையான நோய்க்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பது 2006-ல் தெரியவந்தது. மறு வருஷமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கடுமையான எச்சரிக்கை போட்டது. 2014-ல் ஜப்பானிய டாக்டர்கள் இன்னொரு விஷயத்தைக் கவனித்தார்கள். பல முறை ஊசி போட்டுக்கொண்டவர்களின் மூளையில் கடோலினியத்தின் தடயம் தங்கியிருந்தது. 2017-ல் ஐரோப்பா, கூண்டு கொஞ்சம் லூசாக இருந்த சில பழைய ரகங்களை நிறுத்திவைத்தது. இப்போது கூண்டு இறுக்கமான ரகங்கள்தான் அதிகம் புழக்கத்தில். 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘கடோபிக்லினால்’ என்ற ஊசிக்கு வழக்கமான கடோலினியத்தில் பாதி அளவே போதும்.

ஆக, பாதுகாப்பு கூடிக்கிட்டே வருது. ஆனால், நம்ம பிராக்ஸி பிரச்னை? அது அப்படியேதான் இருக்கு!

நெறி கட்டினா என்ன நிறம்?

இங்கேதான் நானோ என்ட்ரி. ஒரு நானோ மீட்டர் என்பது மீட்டரை நூறு கோடியாகக் கூறுபோட்டால் கிடைக்கும் ஒரு கூறு. ரத்தத்தின் சிவப்பணு சுமார் 7,000 நானோ மீட்டர். நாம் பேசப்போகும் இரும்பு ஆக்ஸைடு துகள் சர்க்கரைச் சட்டையோடு சேர்த்தே 30 நானோ மீட்டர் சைஸ்தான்! கடோலினியம் படத்தைப் பளிச்சாக்கும். இது நேர் எதிர். டி-2 நேரத்தைக் குறைத்து, தங்கிய இடத்தைக் கறுப்பாக்கும்.

காய்ச்சல், புண் வந்தா அக்குள்ல, தொடை இடுக்குல ‘நெறி கட்டியிருக்கு’ன்னு பாட்டி சொல்வாங்களே, அது நிணநீர்க் கணு. கேன்சர் உடம்பில் பரவத் தொடங்கும்போது முதலில் எட்டிப் பார்க்கிற ஸ்டாப்பிங்குகளில் ஒன்று அது. கணுவுக்குள் கேன்சர் போயாச்சா இல்லையா என்பதை வைத்துத்தான் ஆபரேஷனா, ரேடியேஷனா, மருந்தா என்ற முடிவே. சாதாரண ஸ்கேனில் டாக்டர்கள் பார்ப்பது கணுவின் சைஸை. பெருசா இருந்தா சந்தேகம். ஆனால், சின்னக் கணுவுக்குள்ளும் கேன்சர் ஒளிந்திருக்கலாம். காய்ச்சலுக்காகவும் கணு பெருக்கலாம்!

இந்த இரும்புத் துகளை ஊசியில் போட்டால், நல்ல கணுவில் இருக்கும் ‘மேக்ரோஃபேஜ்’ என்கிற காவல்கார செல்கள் அதை லபக்கென்று விழுங்கிவிடும். கணு கறுத்துவிடும். கேன்சர் குடியேறிய இடத்தில் விழுங்க ஆள் இல்லை. அந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். கறுத்தால் நல்லது, வெளுத்தால் ஆபத்து. அவ்ளோதான்!

2003-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வில், முகேஷ் ஹரிசிங்கானியும் அவருடைய சகாக்களும் புராஸ்டேட் கேன்சர் இருந்த 80 பேரிடம் இதைச் சோதித்தார்கள். கேன்சர் ஏறிய கணுக்களில் சாதாரண எம்.ஆர்.ஐ. சரியாகப் பிடித்தது 35.4 சதவிகிதம். நானோ துகள் போட்ட பிறகு 90.5 சதவிகிதம்!

உடனே இது எல்லா ஊரிலும் வந்திருக்கணும் இல்லையா? வரலை. 2005-ல் எஃப்.டி.ஏ-வின் ஆலோசனைக் குழு இந்தத் துகளுக்கு எதிராக ஓட்டுப் போட்டது. 2007-ல் ஐரோப்பாவிலும் விண்ணப்பம் வாபஸ். சில வருஷங்கள் கழித்து நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் உள்ள ராட்பௌட் மருத்துவமனை டாக்டர்கள்தான் அதை மறுபடி கையில் எடுத்தார்கள். படம் சூப்பராக இருந்தாலும் தியேட்டருக்கு வர எத்தனை தடை இருக்கு பாருங்க!

சுவிட்ச் எங்கே இருக்கு?

இரும்புத் துகளின் கதையில் நோயைக் காட்டிக்கொடுத்தது உடம்பின் செல்கள்தான். துகள் தானாக எதையும் உணரவில்லை. துகளுக்கே ஒரு சுவிட்ச் வைத்தால்? ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த வழிகளில் மூன்று ரொம்ப சுவாரஸ்யம்.

ஒன்று: மூடியைத் திற!

கடோலினியம் வேலை செய்ய, தண்ணீர் மூலக்கூறு அதைத் தொட்டாக வேண்டும். அமெரிக்காவின் கால்டெக்கில் தாமஸ் மீட் என்ன செய்தார் தெரியுமா? கடோலினியக் கூண்டின் வாசலில் ஒரு சர்க்கரை மூலக்கூறை மூடி போல வைத்து அடைத்துவிட்டார். தண்ணீரால் நெருங்க முடியாது, சிக்னல் கம்மி. ஒரு குறிப்பிட்ட என்ஸைம் வந்து அந்த மூடியை வெட்டினால்தான் வாசல் திறக்கும். 1997-ல் இந்த ஐடியா வெளிவந்தது. 2000-ல் உயிருள்ள தவளைக் கருவில் இதைச் செய்து காட்டினார்கள். அந்த என்ஸைமுக்கான ஜீன் எந்த செல்களில் வேலை செய்ததோ, அந்தப் பகுதி எம்.ஆர்.ஐ. படத்தில் பிரகாசமாகத் தெரிந்தது. இது நானோ துகள் இல்லை, ஒற்றை மூலக்கூறு. ஆனால், பின்னால் வந்த பல பேருக்கு இதுதான் பிள்ளையார் சுழி.

இரண்டு: கூட்டம் கூடு!

இரும்புத் துகள்கள் தனித்தனியாக மிதக்கும்போது டி-2 ஒரு மாதிரி இருக்கும். கொத்தாகச் சேர்ந்தால் வேறு மாதிரி மாறும். 2002-ல் பாஸ்டனில் ரால்ஃப் வைஸ்லெடரின் குழு இதையே சுவிட்ச் ஆக்கியது. துகளின் மேல் டி.என்.ஏ. துண்டையோ ஆன்டிபாடியையோ ஒட்டிவிடுவார்கள். தேடும் பொருள் வந்தால், அதைப் பிடித்துக்கொண்டு துகள்கள் ஒன்றுகூடும். சிக்னல் மாறும். ஒரு பொண்ணு வந்தா பசங்க கும்பல் சேர்ற மாதிரின்னு சொன்னா அடிக்க வருவீங்க. அதனால, பஸ் ஸ்டாப்பில் பஸ் வந்தா கும்பல் சேர்ற மாதிரின்னு வெச்சுக்குவோம்!

இந்த ஐடியா ஸ்கேன் ரூமுக்கு வெளியேதான் முதலில் ஜெயித்தது. ரத்தத்தில் கேண்டிடா என்ற பூஞ்சை கலந்தால் உயிருக்கே ஆபத்து. வழக்கமான கல்ச்சர் டெஸ்டில் ரிசல்ட் வர நாள் கணக்கில் ஆகும். காந்தத் துகள்கள் கூடும் இதே உத்தியை வைத்து, ரத்த மாதிரியிலேயே சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கும் சோதனைக்கு 2014-ல் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

எம்.ஐ.டி-யின் ஆலன் ஜசனாஃப் இதை மூளைக்குள்ளேயே கொண்டுபோனார். மூளை செல்கள் வேலை செய்யும்போது சுற்றியுள்ள கால்சியம் அளவு மாறும். அந்த மாற்றத்துக்கு ஏற்ப கூடிப் பிரியும் இரும்புத் துகள்களை 2018-ல் எலியின் மூளையில் சோதித்துக் காட்டியது அவருடைய குழு. இப்போது மூளை ஆராய்ச்சியில் பயன்படும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூளை செல்களை நேராகப் பார்ப்பதில்லை. ரத்த ஓட்டத்தைப் பார்த்து யூகிக்கிறது. அதாவது, ஹாஸ்டலில் எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்க டீக்கடையில் எத்தனை டீ போச்சுன்னு எண்ற கதை. இந்தத் துகள்கள் ரூமுக்கே போய் எட்டிப் பார்க்கின்றன!

மூன்று: கரைந்து போ!

ஆரோக்கியமான ரத்தத்தின் பி.ஹெச். அளவு சுமார் 7.4. கேன்சர் செல்கள் சர்க்கரையைக் கன்னாபின்னாவென்று எரித்து லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே இந்த விநோதத்தைக் கவனித்தார். அதனால் பல கட்டிகளின் சுற்றுப்புறம் 7-க்கும் கீழே இறங்கி, லேசாகப் புளித்துப்போயிருக்கும். 7.4-க்கும் 6.9-க்கும் அரை பாயின்ட்தானேன்னு நினைக்காதீங்க. பி.ஹெச். என்பது லாக் கணக்கு. அரை பாயின்ட் இறங்கினால் அமிலத்தன்மை மூன்று மடங்கு கூடும்!

ஜப்பானில் கஸுனோரி கடோகா குழு 2016-ல் வெளியிட்ட துகளைப் பாருங்கள். நம் எலும்பில் இருக்கும் அதே வகையைச் சேர்ந்த கால்சியம் பாஸ்பேட்டுக்குள் மாங்கனீஸ் அயனிகளை ஒளித்துவைத்தார்கள். சாதாரண ரத்தத்தில் துகள் கெட்டியாக இருக்கும், மாங்கனீஸ் அமைதி. புளிப்பான கட்டிக்குள் நுழைந்ததும் துகள் கரையும். வெளியே வரும் மாங்கனீஸ், அங்கிருக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சிக்னலை இன்னும் ஏற்றிவிடும். ஈரலுக்குப் பரவிய மில்லிமீட்டர் சைஸ் கட்டிகளைக்கூட எலிகளில் இது காட்டிக்கொடுத்தது.

எலி தாண்டி மனுஷனுக்கு!

‘எல்லாம் எலிக்குத்தானா? மனுஷனுக்கு எப்போ?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு ஹேப்பி நியூஸ்.

கேன்சர் ஆபரேஷனில் சர்ஜனின் பெரிய தலைவலி, ஓரம். கட்டியை வெட்டி எடுத்தாச்சு. ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் மிச்சமிருந்தால் மறுபடி வளரும். பயந்துகொண்டு அதிகமாக வெட்டினால் நல்ல சதை போகும். நாக்கில் கட்டி என்றால், அரை சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுவது ஒருவரின் பேச்சையே மாற்றிவிடும்.

அமெரிக்காவின் டெக்ஸாஸில் ஜின்மிங் காவோவின் குழு உருவாக்கிய நானோ துகள், ஒளிரும் சாயத்தை உள்ளே பொத்திவைத்த குட்டிப் பந்து. பந்துக்குள் சாய மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்பதால் ஒன்றின் ஒளியை இன்னொன்று அணைத்துவிடும். சுற்றுப்புறம் புளிப்பானால் பந்து உடையும். சாயம் சிதறும். அகச்சிவப்பு கேமராவில் கட்டி மட்டும் ஜொலிக்கும். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் நாலு வகை கேன்சர் கொண்ட 30 பேருக்கு, ஆபரேஷனுக்கு முன்பே இந்த ஊசியைப் போட்டுச் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. வழக்கமான முறையில் கண்ணில் படாமல் தப்பியிருக்கக்கூடிய கட்டிகளும் சிலரிடம் சிக்கின!

இதில் அழகு என்ன தெரியுமா? தலை, கழுத்து, மார்பு, குடல் என்று எங்கே கேன்சர் வந்தாலும் புளிப்பு பொதுவானது. ஒவ்வொரு கேன்சருக்கும் தனித்தனி சாயம் தேட வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி. கட்டியைச் சுற்றி அதிகம் சுரக்கும் என்ஸைம்கள் வெட்டினால் மட்டும் ஒளிரும் ‘லூமிசைட்’ என்ற மருந்துக்கு 2024 ஏப்ரலில் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. மார்பகக் கேன்சர் ஆபரேஷனில் கட்டியை எடுத்த பிறகு, அந்தக் குழியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க. இது நானோ துகள் இல்லைதான். ஆனால், ‘பார்த்தால் மட்டும் பேசு’ என்ற அதே தத்துவம். கூடவே கடுமையான அலர்ஜி வரலாம் என்ற எச்சரிக்கையும் லேபிளில் உண்டு. எந்த மருந்தும் ஓசியில் வருவதில்லை பாஸ்!

மௌனம்னா என்ன அர்த்தம்?

இப்போ ஒரு டவுட் உங்களுக்கு வந்திருக்கணும். வரலைன்னா இன்னொரு தடவை அட்டெண்டன்ஸ் எடுப்போம்!

புரொஃபசர் பேரைக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. அந்த ஆள் வரலையா? இல்லை, வந்து கடைசி பெஞ்சில் தூங்குறானா? மௌனத்தை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது?

சமயம் பார்த்துப் பேசும் துகள்களின் ஆகப் பெரிய சிக்கல் இதுதான். ஒரு இடத்தில் சிக்னல் வரவில்லை. அங்கே நோய் இல்லையா? அல்லது துகளே அங்கே போய்ச் சேரவில்லையா? அதே போல, சிக்னல் கொஞ்சமாக வந்தால் நோய் கொஞ்சமா, துகள் கொஞ்சமா? தப்பாகப் புரிந்துகொண்டால் ‘உங்களுக்கு ஒண்ணுமில்லை, போயிட்டு வாங்க’ என்று ஒரு கேன்சர் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடும் அபாயம். பிராக்ஸி கொடுப்பதைவிட இது மோசம்!

இதற்கும் ஒரு வழி இருக்கு. ரெண்டு பேரை ஜோடியாக அனுப்புவது. ஒருத்தர் எப்போதும் ‘நான் இங்கே வந்துட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இன்னொருத்தர் நோயைப் பார்த்தால் மட்டும் பேசுவார். 2010-ல் பாஸ்டனில் பீட்டர் காரவனின் குழு இப்படித்தான் செய்தது. பி.ஹெச்.சுக்கு ஏற்ப மாறும் கடோலினியக் கூண்டோடு, பி.இ.டி. ஸ்கேனில் தெரியும் கதிரியக்க ஃப்ளோரினையும் சேர்த்தார்கள். பி.இ.டி. சிக்னல், மருந்து எவ்வளவு வந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லும். எம்.ஆர்.ஐ. சிக்னல், அங்கே புளிப்பு எவ்வளவு என்று சொல்லும். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் விடை. நம்ம லேபில் ‘ரீடிங்’ எடுக்கும்போது ‘பிளாங்க்’ வைப்போமே, அந்த அடிப்படைப் புத்திதான்!

ஈரல் என்கிற செக்போஸ்ட்

சரி, இவ்வளவு சூப்பர் ஐடியா இருந்தும் நம்ம ஊர் ஸ்கேன் சென்டரில் ஏன் இன்னும் கடோலினியமே ஓடுது?

முதல் தடை, நம் உடம்பேதான். அந்நியத் துகள் ரத்தத்தில் இறங்கியதும் புரதங்கள் அதன் மேல் போர்த்திக்கொள்ளும். துகளின் முகமே மாறிப்போகும். அப்புறம் ஈரலும் மண்ணீரலும் செக்போஸ்ட் போட்டுப் பிடித்துக்கொள்ளும். கனடாவின் டொரொன்டோவில் வாரன் சான் குழு, அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் வெளியான எலி ஆய்வுகளை எல்லாம் 2016-ல் கூட்டிப் பார்த்தது. ஊசியில் போட்ட நானோ துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது, இடைநிலைக் கணக்கில் வெறும் 0.7 சதவிகிதம்! ஆயிரம் பேரை அனுப்பினால் ஏழு பேர்தான் எக்ஸாம் ஹாலுக்குள் நுழைகிறார்கள்.

இரண்டாவது, தயாரிப்பு. லேபில் ஒரு டெஸ்ட் டியூபில் அழகான துகள் செய்வது வேறு. ஆயிரம் லிட்டரில் ஒவ்வொன்றும் ஒரே சைஸ், ஒரே சட்டையோடு வரச் செய்வது வேறு. சுவிட்ச், மூடி, ஜோடி என்று பாகங்கள் கூடக் கூட, தப்பு நடக்கும் இடங்களும் கூடும்.

மூன்றாவது, காசு. சர்க்கரை நோய் மாத்திரையை தினமும் வாங்குவோம். கான்ட்ராஸ்ட் ஊசி எப்போதோ ஒரு தடவை. ஆனால், அனுமதி வாங்கும் செலவு ரெண்டுக்கும் பெருசுதான். ஈரல் கட்டிகளைக் காட்டும் ‘ஃபெரிடெக்ஸ்’ என்ற இரும்புத் துகள் ஊசி 1996-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. விற்பனை எடுக்காமல் 2008-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். வேலை செய்யாததால் செத்துப்போகும் கண்டுபிடிப்புகள் உண்டு. வாங்க ஆளில்லாமல் செத்துப்போகும் கண்டுபிடிப்புகளும் உண்டு!

ஒரு ட்விஸ்ட் கேளுங்க. ரத்தசோகை உள்ள கிட்னி நோயாளிகளுக்கு இரும்புச் சத்து ஊசியாக 2009-ல் வந்த ‘ஃபெருமாக்ஸிடால்’ உண்மையில் ஒரு இரும்பு ஆக்ஸைடு நானோ துகள்தான். கடோலினியம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதையே ஸ்கேன் டாக்டர்கள் சிலர் கான்ட்ராஸ்ட்டாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். முன்வாசல் மூடியிருந்தால் பின்வாசல்!

நமக்கு இதுல என்ன வேலை?

‘நான் படிக்கிறது எலெக்ட்ரானிக்ஸ், எனக்கு எதுக்கு ஈரல் கதை?’ என்று நகராதீங்க. மேலே பார்த்த சிக்கல்களில் டாக்டர் மட்டும் தீர்க்கக்கூடியது எத்தனைன்னு எண்ணிப் பாருங்க.

கெமிக்கல் படிக்கிறவங்களுக்கு: ஒரே சைஸில் துகள் தயாரிப்பது, ரியாக்டர் டிசைனும் மிக்ஸிங்கும் சேர்ந்த கணக்கு. இ.சி.இ., ட்ரிபிள்-இ ஆட்களுக்கு: காதில் விழாத அளவுக்குச் சின்ன சிக்னலை இரைச்சலுக்குள்ளிருந்து பிரித்தெடுப்பது உங்க ஏரியா. கம்ப்யூட்டர் சயின்ஸ்: ரெண்டு ஸ்கேன் படங்களை அணு பிசகாமல் பொருத்தி, ஒன்றை இன்னொன்றால் வகுப்பதில் எவ்வளவு வேலை இருக்குன்னு செய்து பார்த்தால் தெரியும். மெக்கானிக்கல்: ரத்தக் குழாய்க்குள் துகள் எப்படி ஓடும், எங்கே ஒதுங்கும் என்பது சாட்சாத் உங்க ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். கெமிஸ்ட்ரி, பயோடெக் நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மூடியும் சாவியும் உங்க கையில்!

மினி புராஜெக்ட்டுக்கு டாபிக் இல்லாமல் சீனியரின் ரெக்கார்டைத் தேடுபவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. இரும்பு உப்புகளும் அம்மோனியாவும் வைத்து இரும்பு ஆக்ஸைடு நானோ துகள் செய்வது கெமிஸ்ட்ரி லேபுகளில் பழக்கமான சோதனை. ஸ்டாஃப் மேற்பார்வையில், கண்ணாடியும் கையுறையும் போட்டுச் செய்யலாம். கறுப்புக் குழம்பு ஒன்று கிடைக்கும். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோங்க, அது எழுந்து வரும். அதற்குப் பிறகுதான் கஷ்டமான கேள்வி: அதன் மேல் எந்தச் சட்டையைப் போட்டால் பி.ஹெச். 7.4-ல் தனித்தனியாக மிதந்து, 6.8-ல் மட்டும் ஒன்றாகக் கூடும்? அந்தக் கேள்விக்கு டெஸ்ட் டியூபிலேயே விடை தேடலாம். ஸ்கேன் மெஷின் வேண்டாம், எலி வேண்டாம்.

அப்படித் தேடும்போது ஒண்ணை மட்டும் மறக்காதீங்க. துகள் பேசியதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. பேசக் கூடாத இடத்தில் சும்மா இருந்ததா என்பதையும் பாருங்க. அந்த ரெண்டாவது சோதனையை நம்பித்தான், முன்பின் தெரியாத ஒருத்தர் ஆபரேஷன் டேபிளில் படுக்கப்போகிறார்!

பெட்டிச் செய்தி: ‘கான்ட்ராஸ்ட் போடணும்’னு சொன்னா...

* கிட்னி பிரச்னை இருந்தால் முதலிலேயே சொல்லிடுங்க. கிரியாட்டினின் டெஸ்ட் எடுத்திருந்தால் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்க.

* முன்னாடி எந்த ஊசிக்காவது, மருந்துக்காவது அலர்ஜி வந்திருந்தால் மறைக்காதீங்க.

* கர்ப்பமாக இருப்பவர்கள், அப்படிச் சந்தேகம் உள்ளவர்கள் கட்டாயம் சொல்லணும்.

* பேஸ்மேக்கர், உடம்பில் பொருத்திய உலோகம் எதுவானாலும் எம்.ஆர்.ஐ. ரூமுக்குள் நுழையும் முன்பே சொல்லணும். சாவி, செயின், செல்போன் எல்லாம் வெளியே!

* என்ன ஊசி, அதன் பெயர் என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, அடுத்த ஸ்கேனுக்கு உதவும்.

* இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு ‘கடோலினியமா, வேண்டாம்’ என்று யாரையும் தடுத்துடாதீங்க. கிட்னி நன்றாக உள்ளவர்களுக்கு இப்போதைய ரகங்களில் பெரிய பாதிப்பு மிக அரிது. டாக்டர் சொன்ன ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் பல சமயம் பெரிய ஆபத்து.